வாழப்பாடி லாபம்

மயிலம்மாளின் இறப்புச் சான்றிதழில் பிறந்த ஆண்டு தவறாக அச்சாகியிருக்கிறது. 1951 என்பது 1957 ஆகியிருக்கிறது. வாங்கி வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த அலுவலகத்தின் வாசற்படியைத் தாண்டும் முன்பே பார்த்திருப்பார்.

எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் அவர் கையில் வாங்கியதில்லை. மளிகைக்கடையிலிருந்து வரும் சர்க்கரைப் பொட்டலத்தை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மகள் கொண்டுவரும் மதிப்பெண் அட்டையைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஒருமுறை ஆசிரியர் ஆறு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தார். மயிலம்மாள் அதைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி, பள்ளிக்கே திருப்பி அனுப்பினார். மகள் அந்த மாதம் இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கினாள்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் காடு தோட்டமுள்ள குடும்பம். கணிதத்தில் பட்டம். 1973-இல் சேலத்தில் ஓர் உழவர் விற்பனைச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கணவர் பொன்னன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் எட்டு மாதம் வெளியே இருப்பார். 1982-இல் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கியது. கற்றுக்கொள்ள மயிலம்மாளையும், அவரைவிட ஐந்து வயது இளையவரான பரக்கத் அலியையும் ஆறு மாதம் சென்னைக்கு அனுப்பினார்கள். பரக்கத் அலி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாக்கு, கயிறு விற்கும் உசேன் பாயின் மகன்.

திரும்பி வந்து இருவரும் கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல்கள் எழுதினார்கள். விவசாயி கொண்டுவரும் நிலக்கடலை மூட்டைகளின் எண்ணிக்கை, எடை, ஏலம் எல்லாம் அதில் ஏறின. கோபால் என்ற பெயரில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கிளைகளில் வெகுநாள் நம்பினார்கள்.

பரக்கத் அலி கூடுதலாக ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். நிரலில் ஓரிடத்தில் கை வைத்தால் வேறோரிடத்தில் கணக்கு கெட்டுவிடும். அதைப் பிடிக்கச் சின்னச் சின்னப் போலிக் கணக்குகள் எழுதினார். இத்தனை மூட்டை, இன்ன எடை என்று கொடுத்து, பக்கத்திலேயே வரவேண்டிய விடையையும் எழுதிவைப்பார். ஒரு கட்டளை கொடுத்துவிட்டால் போதும். இயந்திரம் தானே ஒவ்வொன்றாக ஓட்டி, விடை பொருந்தாததை மட்டும் அச்சடிக்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை. நான்கு வருடத்தில் இப்படி நூற்று முப்பத்தெட்டுச் சோதனைகள் சேர்ந்திருந்தன. எல்லாம் ஓடி முடிய நாலேகால் மணி நேரம்.

1986 ஜூலையில் மின்வெட்டு வந்தது. மேலாளர் தண்டாயுதபாணி மயிலம்மாளைக் கூப்பிட்டார்.

"உங்க டெஸ்ட்டு நாலு மணி நேரம் ஓடுதாமே. நமக்குச் சேந்தாப்ல கரண்டு இருக்கிறதே ஒன்றரை மணி நேரம். மிச்சத்துக்கு நான் சைக்கிள் மிதிக்கட்டுமா?"

"ஜெனரேட்டர் இருக்குதுங்களே சார்."

"அது செயலாளர் ரூம் ஏசிக்கு. அதுல கை வெச்சா உங்களையும் என்னையும் சேத்து வெட்டிருவாங்க. ஒரு அம்பது டெஸ்ட்டு இருந்தாப் போதும். எது வேண்டாமோ நீங்களே பாத்து எடுங்க."

மயிலம்மாளுக்கு முதல் சந்தேகம் மின்வெட்டின் மேலேயே வந்தது. மின்வாரிய அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். உண்மைதான் என்றார்கள். பேசியவர் மேலாளருக்கு வேண்டியவராக இருக்கலாம் என்று மறுநாள் நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

பரக்கத் அலி அப்போது சங்கத்தில் இல்லை. ஜூன் மாதமே விலகிவிட்டார். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பம்பாயில் இருக்கும் ஏஜெண்டிடம் ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, நேரில் போய் நிற்க வேண்டும். சங்கம் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. தண்டாயுதபாணி அதை மயிலம்மாளின் தலையில் கட்டி, அலுவலகத்தில் எல்லோர் முன்பும் சொன்னார்.

"அவன் எழுதினதைத்தான இந்தம்மா அலசப் போகுது? அலசி முடிச்சு, குத்தங்குறை இல்லைன்னு எழுதிக் குடுக்கட்டும். நான் கண்ண மூடிட்டுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுறேன்."

ஆக, பரக்கத் அலி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். மயிலம்மாள் அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்பார்.

"அக்கா, எதுலயாச்சும் சந்தேகம் வந்தாக் கேளுங்க. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு எழுதி வைக்காம விட்டது என் தப்பு."

"வந்தாக் கேக்கறனுங்க தம்பி."

"உங்களுக்கு வராமப் போகுமா?" என்று சிரிப்பார்.

மயிலம்மாள் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். நிரலில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்வது. கூட்டலைக் கழித்தலாக்குவார், ஒரு வரியை அழிப்பார். பிறகு அந்தப் பகுதியைத் தொடும் சோதனைகளை ஓட்டி, எது கத்துகிறது என்று பார்ப்பார். ஒரே தவறுக்கு ஒன்பது சோதனைகள் ஒன்றாகக் கத்தினால் ஒன்றை வைத்துக்கொண்டு எட்டை எடுத்துவிடலாம். எந்தத் தவறுக்கும் கத்தாத சோதனை சும்மா இருக்கிறது. இதற்கு இயந்திரம் கிடைப்பது காலை ஆறிலிருந்து ஏழரை வரை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஐந்தரைக்கே வந்துவிடுவார்.

முதல் இரண்டு வாரத்தில் அறுபதுக்கு மேல் போயின. லாரி வரவுப் பதிவைச் சங்கம் கைவிட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அதற்கான பதினொன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வேறொன்று அன்றைய தேதியை எடுத்துக்கொண்டு மாதக் கடைசியில் மட்டும் காரணமில்லாமல் கத்தும், மறுநாள் அடங்கிவிடும். அதை அடித்தபோது மயிலம்மாளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தொண்ணூற்றேழாவது சோதனையில் கை நின்றது.

அது மிகச் சின்னது. ஒரு விவசாயி, ஒரு மூட்டை, நாற்பது கிலோ. மூட்டை எண் சைபர். வரவேண்டிய விடை: ஒரு மூட்டை.

சைபர் எண்ணில் மூட்டை கிடையாது. மற்ற ஐந்து கிளைகளிலிருந்தும் சைபர் வந்தால் பிழை என்று தள்ளிவிட வேண்டும். நிரலும் தள்ளியது. வாழப்பாடிக் கிளைக்கு மட்டும் தனியாக ஒரு வரி இருந்தது. சைபர் வந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. அந்த வரியை அழித்து ஓட்டிப் பார்த்தார். மிச்சமிருந்த சோதனைகளில் தொண்ணூற்றேழு ஒன்றுதான் கத்தியது. அந்த வரியைக் காவல் காக்கவே அது எழுதப்பட்டிருந்தது.

வரிக்கு மேலே, இயந்திரம் படிக்காத, மனிதர்களுக்கான குறிப்பாக, ஆங்கில எழுத்துகளில் பரக்கத் அலி இரண்டு சொல் எழுதியிருந்தார். மயிலம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

வாழப்பாடி லாபம்.

இல்லாத மூட்டையை ஏற்றி வாழப்பாடியில் யாருக்கோ லாபம் பார்த்துக் கொடுத்திருக்கிறான். அதையும் எழுதி வேறு வைத்திருக்கிறான், திமிர் பிடித்தவன்.

போன பருவத்துக் கோப்புகளை ஓட்டி எண்ணினார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சைபர் மூட்டைகள். எல்லாம் வாழப்பாடி. கிடங்கு இருப்போடு ஒப்பிட்டார். இருப்பு சரியாக இருந்தது. வேறொருவராக இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பார். மயிலம்மாள் கிடங்குக்காரனையும் கூட்டுக்களவாணி என்று குறித்துக்கொண்டார்.

தண்டாயுதபாணியிடம் சொன்னபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பையனா? வேலையை விட்டுப் போறவன் அவசரத்தப் பாத்தப்பவே நெனச்சேன்."

"காயிதம் கையில கெடைக்கட்டுங்க சார். வாழப்பாடிச் சீட்டுகளப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

"பாருங்க. அந்தச் சான்றிதழ் என் மேசையிலயே கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு பத்து நாள் பரக்கத் அலி வந்து உட்கார்ந்தார். தேதி நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. ஒருநாள் மயிலம்மாளை வழிமறித்தார்.

"அக்கா, செவ்வாய்க்கெழம பம்பாய் வண்டிக்கு டிக்கெட் போட்டிருக்கேன். ஏதாவது குத்தம் கண்டீங்களா? மேலாளர் மூஞ்சியே குடுக்க மாட்டேங்கிறாரு."

கேட்டிருக்கலாம். நான்கு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர். தொண்ணூற்றேழு எதற்கு என்று ஒரு வாய் கேட்டிருந்தால் போதும். ஆனால் களவு செய்தவனிடமே போய்க் களவைப் பற்றிக் கேட்டால் அவன் வாழப்பாடிக்குத் தகவல் சொல்லிச் சீட்டைக் கிழிக்க மாட்டானா?

"ஒண்ணுமில்லீங்க தம்பி. வேல இன்னும் முடியில."

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 19. வாழப்பாடிக் களத்தில் ஏல நாள். மயிலம்மாள் யாரிடமும் சொல்லாமல் ஏழு மணிப் பேருந்தில் ஏறினார். திட்டம் தெளிவாக இருந்தது. சைபர் மூட்டை உருவாகும் இடத்தில் நின்று கண்ணால் பார்ப்பது. பிறகு தொண்ணூற்றேழையும் அந்த வரியையும் சேர்த்து எடுத்துவிடுவது.

களத்தில் பத்துப் பதினைந்து மாட்டு வண்டிகள், இரண்டு டிராக்டர். எடைமேடைக்குப் பக்கத்தில் வீரன் நின்றிருந்தார். அறுபது வயது, களத்தின் எடைக்காரர். மூட்டை மேடையில் ஏற ஏற அவர் எண்ணையும் எடையையும் கத்திச் சொல்ல, எழுத்தர் சீட்டில் குறிப்பார். மயிலம்மாள் தூணோரமாக நின்றார். புதிய விவசாயி ஒருவரின் முதல் மூட்டை மேடையேறியது.

"லாபம்! நாப்பத்தோரு கிலோ!" என்று வீரன் கத்தினார். அடுத்த மூட்டை. "ரெண்டு! நாப்பது கிலோ!" அடுத்தது. "மூணு! நாப்பதரை!"

மயிலம்மாள் தூணை விட்டு வெளியே வந்தார்.

"ஏனுங்ணா, மொத மூட்டைக்கு என்னன்னு சொன்னீங்க?"

"லாபம்னேன். பின்ன என்னா சொல்லுவாங்க?" வீரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்த எடுப்புல ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுடாதா? மூணு தலமொறயா இந்தக் களத்துல ஒண்ணுன்னு யாரும் சொன்னதில்ல. ஏம்மா, உன் பேச்சப் பாத்தா மேக்கத்திக் குடியானவ ஊட்டுப் பொண்ணு மாரி இருக்கு. உங்கப்பன் களத்துல அளந்து பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறார். தானியம் அளக்கும் வள்ளத்தைச் சோளக் குவியலில் அமுக்கி எடுத்து முதல் வள்ளத்தைக் கொட்டும்போது அப்பா சொல்வதும் அதே சொல்தான். லாபம், ரெண்டு, மூணு. பத்து வயதுவரை எண்கள் அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்திருந்தார். பள்ளியில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் படித்தபோது அந்தச் சொல் வியாபாரத்து லாபமாகத்தான் கண்ணில் விழுந்தது.

எழுத்தரின் சீட்டை வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'லா'. கீழே 2, 3.

உள்ளே தட்டச்சு செய்யும் பெண்ணிடம் போனார். அவள் 'லா' வந்த இடமெல்லாம் சைபரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சாமி, ஒண்ணுன்னு அடிச்சா ஆகாதா?"

"ஐயோ, வீரண்ணன் கிட்ட யாரு பேச்சு வாங்குறது? மொதல்ல ஒண்ணுன்னுதான் அடிச்சிட்டிருந்தோம். சீட்டுல ஒண்ணு இருக்கு, பட்டியல்ல வேற ஒண்ணு இருக்குன்னு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. மெஷின்ல லான்னு எழுத்து இல்ல. அப்புறம் அலி சார் வந்து சைபர் அடிங்க, மெஷினுக்கு நான் சொல்லி வெக்கிறேன்னாரு. அதோட சண்டை தீந்துச்சி."

தொண்ணூற்றேழை எடுத்திருந்தால், அந்த வரியை அழித்திருந்தால், வாழப்பாடியில் ஒவ்வொரு விவசாயிக்கும் முதல் மூட்டை காணாமல் போயிருக்கும். ஒரே மூட்டை கொண்டுவரும் ஏழைக்கு ஒன்றுமே இருந்திருக்காது. சைபர் இருந்த எந்தப் பட்டியலிலும் ஒன்று என்ற எண் இல்லை என்பது கோப்பிலேயே தெரிந்திருக்கும். அவர் சைபர்களை மட்டும்தான் எண்ணினார்.

உடனே கிளம்பியிருந்தால் பத்தரைப் பேருந்தைப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணும் வீரனும் பேசி வைத்துக்கொண்டு சொன்னால்? பழைய சீட்டுக் கட்டுகளை இறக்கச் சொல்லி, போன பருவத்திலிருந்து நாற்பது சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லா, 2, 3. லா, 2. நாற்பதாவதில் லா மட்டும். வீரன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"கோபால் அனுப்புன ஆளாட்டம் இருக்கு," என்று வெளியே யாரிடமோ சொல்வது கேட்டது.

சேலம் வந்து சேர மதியம் இரண்டாகிவிட்டது. தண்டாயுதபாணி கூட்டத்துக்குப் போயிருந்தார். நாலே முக்காலுக்குத்தான் வந்தார். மயிலம்மாள் நின்றபடியே சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து நாளா திருட்டுன்னீங்க. இப்ப இல்லைங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? நான் செயலாளர் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

"தப்பு என்னோடதுங்க சார். எழுதியே தாறனுங்க."

எழுதினார். 'வாழப்பாடிக் கிளை நிரல் குறித்து நான் தெரிவித்த ஐயம் தவறு. நிரல் சரி. சோதனை தேவையானது. எழுதியவர்மேல் குற்றமில்லை.' நான்கு வரி. கையெழுத்திட்டார். தண்டாயுதபாணி அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சான்றிதழில் ஒப்பமிட்டார்.

பம்பாய் வண்டி ஏழு மணிக்கு. மயிலம்மாள் செவ்வாய்ப்பேட்டைக்கு ஆட்டோவில் போனார். சாக்குக் கடையில் உசேன் பாய் வாசலில் நின்றிருந்தார். உள்ளே சாக்குக் கட்டின்மேல் பரக்கத் அலி லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கிளம்புகிற ஆளாகத் தெரியவில்லை.

"தம்பி, சான்றிதழ் வந்துருச்சுங்க. வண்டிக்கு இன்னும் நேரமிருக்குது."

பரக்கத் அலி அதை வாங்கிப் படித்தார்.

"டிக்கெட்டக் காலையிலயே கேன்சல் பண்ணிட்டேன்கா. வெறுங்கையோட போய் என்ன செய்ய?"

மயிலம்மாள் நடந்ததைச் சொன்னார். சைபர் மூட்டை, குறிப்பு, தான் நினைத்தது, மேலாளரிடம் சொன்னது. எதையும் விடவில்லை. கிடங்குக்காரனைப் பற்றி நினைத்ததையும் சொன்னார். உசேன் பாய் வாசலிலிருந்து உள்ளே திரும்பினார்.

"ஏம்மா, நாலு வருசம் ஒண்ணா வேல பாத்த புள்ளையாச்சே. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"அத்தா, நீங்க சும்மா இருங்க," என்றார் பரக்கத் அலி. பிறகு, "தொண்ணூத்தேழ எடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க. இருக்குது."

"மூணு வாரம் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். ரெண்டு செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்க."

"தப்புங்க தம்பி."

அந்த மஸ்கட் இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாகப் பத்து நாள் கழித்துத் தகவல் வந்தது. பரக்கத் அலி மறு வருடம் மாசியில் வேறொரு ஏஜெண்டு மூலமாகப் போனார். அன்று கடையில் அது யாருக்கும் தெரியாது. பரக்கத் அலி ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்து ஒரு வாரம் தவணை கேட்பதாகச் சொன்னார்.

உசேன் பாய் ஒரு மோடாவை நகர்த்திப் போட்டார்.

"இன்னும் எதுல சந்தேகம்?" என்றார் பரக்கத் அலி. குரலில் சூடு இருந்தது. "இருக்குமே. இப்பவே கேட்டுருங்க. இல்லைன்னா அடுத்த வாரம் இன்னொரு திருட்டக் கண்டுபிடிச்சுருவீங்க."

மயிலம்மாள் கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்தார். பரக்கத் அலி அதைப் பார்த்துவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தார்.

"கையோட கொண்டாந்திருக்கீங்களாக்கா?"

"பதினொண்ணு புரியிலீங்க."

சாக்குக் கட்டின்மேல் காகிதத்தை விரித்தார்கள். பரக்கத் அலி ஒவ்வொன்றாகச் சொன்னார். இது கெங்கவல்லியில் ஒரே பெயரில் ஏழு சின்னுசாமிகள் இருந்ததால் எழுதியது, இருக்கட்டும். இது பழைய தராசுக்கு, தராசே போய்விட்டது, எடுத்துவிடலாம். மயிலம்மாள் அவர் சொன்னதை எண்ணுக்கு எதிரே எழுதிக்கொண்டார். எதற்கு, யார், எப்போது. வேண்டாததைப் பேனாவால் அடித்தார். கடைசியாக நூற்று இருபத்தொன்று வந்தது.

பரக்கத் அலி காகிதத்தை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இது எதுக்கு எழுதினேன்னு எனக்கே ஞாபகமில்லக்கா. எடுத்துருங்க."

"எடுத்துரலாமுங்களா?"

"நான் சொல்றேன், எடுத்துருங்க."

மயிலம்மாள் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தார். நூற்று இருபத்தொன்றின்மேல் லேசாக ஒரு கோடு போட்டார்.

பரக்கத் அலி அந்தப் பென்சிலைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில புரோகிராம ஒடச்சுப் பாப்பீங்கல்ல?"

"பாப்பனுங்க தம்பி," என்றார் மயிலம்மாள்.